பைக்குள் இருந்த செருப்பு

எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை எப்போதும் காலை ஆறு மணிக்குத்தான். ஆண்டவர் சிலுவை சுமந்து போனதை நினைத்து, ஸ்தலம் என்கிற பதினாலு இடங்களில் நின்று ஜெபித்துக்கொண்டே போகிற ஊர்வலம் அது. கோயிலில் ஆரம்பித்து, லாரி பட்டறைகள் இருக்கிற தெரு வழியாக, பைபாஸ் ஓரமாகக் கொஞ்ச தூரம் போய், ஊருக்கு வெளியே இருக்கிற கரட்டின் மேல் முடியும். கரடு என்றால் பெரிய மலையெல்லாம் இல்லை, மொட்டைப் பாறைக் குன்று. உச்சியில் ஒரு சிமெண்ட் சிலுவை. மொத்தம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் வீடு திரும்பிவிடுவார்கள். போன வருஷம் அதைப் பத்தரை மணிக்கு மாற்றினோம். மாற்றினோம் என்று எழுதுவது பொய். மாற்றியது நான்.

எனக்கு வீடு நாமக்கல், வேலை சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். தினமும் போகவும் வரவும் பஸ். அந்த நேரத்தில்தான் நான் உலகத்தைத் திருத்துவேன். மடியில் ஒரு நோட்டு, கையில் பேனா. அதற்கு முந்தைய வருஷம் சேலத்தில் மூன்று நாள் தியானத்துக்குப் போயிருந்தேன். போகும்போது சாதாரணமாகத்தான் போனேன், திரும்பும்போது தீப்பெட்டியாக வந்தேன். தொட்டால் உரசினால் பற்றிக்கொள்ளும். சீடத்துவம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, திங்கட்கிழமைதான் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கு ஒன்பது தீர்மானங்கள். ஒன்பதாவது, வீட்டில் யாரிடமும் கத்தக் கூடாது. அது முதல் நாளான சாம்பல் புதனன்று சாயங்காலமே உடைந்தது. சாம்பார் விஷயமாக அம்மாவோடு.

இளையோர் குழுவுக்கு நான்தான் செயலாளர். சிலுவைப் பாதை பற்றிப் பேச பங்குத்தந்தையின் அறையில் கூடியபோது நான் தயாராகப் போயிருந்தேன்.

"ஆறு மணிக்கு நம்மள யாரு பாக்கறாங்க ஃபாதர்? பால்காரரும் ரெண்டு நாயும்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதரும்.

"பத்தரைக்குப் போனா பைபாஸ்ல போற பஸ்ஸு, லாரி எல்லாம் நின்னு பாக்கும். அதுதானுங்களே சாட்சியம்?"

உபதேசியார் ஓரமாக நின்றிருந்தார். பூசைக்கு மணியடிப்பது, பாடைக்கு முன்னால் சிலுவை தூக்குவது, கோயில் சாவி வைத்திருப்பது எல்லாம் அவர்தான். "ரோடு காயுமேம்மா. சித்திரை வெயிலுங்க ஃபாதர், தாரு பொசுக்கிப்போடும்" என்றார்.

"காயட்டுமுங்க. கல்வாரி மலைக்கு ஆண்டவரு என்ன நெழல்லயா போனாரு?"

நான் விடவில்லை. செருப்பில்லாமல் நடக்கலாம் என்றேன். ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். "விருப்பமுள்ளவங்க மட்டும் செருப்பில்லாம வரலாம்னு போடுங்க" என்றார். அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்து நகல் எடுத்துக் கோயில் கதவில் ஒட்டினேன். அதில் 'காலணியின்றி நடப்போம்' என்று இருந்தது. விருப்பமுள்ளவர்கள் என்கிற சொல் இல்லை. இடம் பத்தவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளின் கீழே ஒரு முள்முடிப் படம் போட மட்டும் இடம் இருந்தது.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். பெயர் பெற்ற வெல்டர். அவர் பற்றவைத்த இடத்தை விரலால் தடவினால் மேடு தெரியாது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பட்டறையிலிருந்து வந்து குளிக்கப் போனவர், தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துவிட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒன்றரை அங்குல ஆணி. மத்தியானத்திலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார். "ஒண்ணுமே தெரியல பாத்துக்கோ" என்று ஏதோ வித்தை செய்து காட்டியவர் மாதிரி எங்களிடம் சொன்னார். டாக்டர் திட்டினார். காலில் உணர்ச்சி போய்விட்டது, இனி வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது, எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள் என்றார். சர்க்கரைக்காரர்களுக்கென்று அடியில் மெத்து வைத்துச் செய்கிற கறுப்புச் செருப்பு அது. அஸ்தம்பட்டியில் ஒரு கடையில் காலின் அளவு சொல்லி வாங்கி வந்தவள் நான்தான். எது ஏன் என்று எனக்கு எல்லாம் தெரியும். ஒரு நாளைக்கு நூறு பேருடைய ரத்தம் என் கைக்கு வந்துதான் எண்ணாக மாறுகிறது. எனக்குத் தெரியாது என்று மட்டும் நான் சொல்ல முடியாது.

அந்த ஆணிக்குப் பிறகு அப்பா கோயிலுக்குள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருவார். நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். அவர் புங்கமரத்தடியில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொள்வார்.

"உள்ள வாங்கப்பா."

"இங்கியே நல்லாக் கேக்குது சாமி. மைக்கு இருக்குதில்ல." என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு எரிச்சலாக வரும். ஊருக்கே சீடத்துவம் சொல்கிறேன், என் அப்பா வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி நிற்கிறார்.

தவக்காலம் இரண்டாவது வாரம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது, பைபிள் வாசித்துப் பேசுவது. அன்று பேச என்னைச் சொல்லியிருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். அப்பா தட்டில் டீ டம்ளர்களை அடுக்கி ஒவ்வொருவருக்காக நீட்டிக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்தவங்க மூணு வகை" என்றேன். "முன்னாடி உக்கார்றவங்க, பின்னாடி உக்கார்றவங்க, வெளிய வண்டிக்குக் காவல் நிக்கறவங்க."

கூடம் அதிர்ந்தது. யாரோ ஒரு அத்தை அப்பாவின் முழங்கையை இடித்து, "மாட்டுனீங்களா? உங்களத்தானுங்க சொல்றா உங்க மக" என்றார்.

அப்பாவும் சிரித்தார். தட்டு ஆடாமல் பிடித்துக்கொண்டு, "அட, வண்டியும் யாராச்சும் பாக்கோணுமில்லீங்க?" என்றார்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நான் அதைப் பேச்சின் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார். "நெசமாலுமே வெளிய நின்னா சேத்தி இல்லியா சாமி?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னேன். "விசுவாசம்னா நின்னு கேக்கறது இல்லப்பா. நடந்து காட்டணும்."

"சரி" என்றார்.

சிலுவையையும் அவர்தான் செய்து கொடுத்தார். பழைய சிலுவை இலேசானது, சின்னப் பிள்ளைகள்கூடத் தூக்குவார்கள். எனக்குக் கனமாக, நிஜமாக வேண்டும். பட்டறையில் லாரிக்குப் போடுகிற பலகையில் மிச்சம் கேட்டு வாங்கி, உள்ளே இரும்புப் பட்டை வைத்து இறுக்கி, ஒரு வாரம் வேலை முடிந்தபின் நின்று செய்தார். வண்டியில் ஏற்றி வந்து கோயில் சுவரில் சாய்த்து வைத்தபோது பார்த்தேன். தோளில் படுகிற இடத்தில் டயர் ட்யூபை வெட்டி அழகாகச் சுற்றி ஆணியடித்திருந்தார்.

"இதென்னப்பா?"

"தூக்கறவனுக்குத் தோலு வழண்டு போகுமில்ல. லாரி ஓரத்துக்கு அடிக்கற மாதிரி அடிச்சிருக்கறேன்."

"சிலுவைக்கு யாராவது ரப்பர் வெப்பாங்களா? எல்லாரும் சிரிப்பாங்க."

அவர் வண்டிப் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து ஆணிகளைப் பிடுங்கினார். அவரே பிடுங்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. பத்தரைக்கு ஆரம்பிக்கும்போதே வானம் வெள்ளையாகிவிட்டது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். எனக்குக் காலே தரையில் படவில்லை, சந்தோஷத்தில். பட்டறைத் தெருவைத் தாண்டும்வரை ஓரமாக நிழல் இருந்தது. பைபாஸ் வந்ததும் தார் ரோடு. முதல் நாலு அடியிலேயே பையன்களும் பெண்களும் குதிக்க ஆரம்பித்தார்கள். ரோட்டோரத்தில் போட்டிருக்கிற வெள்ளைக் கோடு அவ்வளவாகச் சுடாது. எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகக் கோட்டின் மேலேயே நடந்தார்கள். நானும்தான். ஜெபப் புத்தகமும் மைக்கும் என் கையில். ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கி, கொக்கு மாதிரி நின்று ஸ்தலம் வாசித்தேன்.

ஐந்தாம் ஸ்தலம் வந்தது. சிலுவை சுமக்க வேறொருவர் கைகொடுக்கிற ஸ்தலம். தூக்கிவந்த இரண்டு பையன்களும் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்கள். ஒருவனுக்குத் தோள் சிவந்து தோல் உரிந்திருந்தது. "யாராச்சும் மாத்திக்குங்கப்பா" என்று கேட்டான். கூட்டத்திலிருந்து அப்பா வந்தார்.

அவர் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். சிலுவையின் நடுவில் தோளைக் கொடுத்து, லாரிப் பலகை தூக்குகிற லாவகத்தில் ஒரே மூச்சில் எழுந்தார். ஒற்றை ஆளாக. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. பிறகுதான் பார்த்தேன், காலில் செருப்பு இல்லை.

அவர் வெள்ளைக் கோட்டுக்கு வரவில்லை. ரோட்டின் நடுவில், கறுப்புத் தாரில், சீராக, ஒவ்வொரு காலையும் முழுசாகப் பதித்து நடந்தார். எல்லாரும் குதித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கோயில் பீடத்துக்கு ஏறுகிறவர் மாதிரி நடந்தார்.

அப்போது அம்மா ஓடிவந்தாள். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. "கோயில் வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டாருடி. எடுத்துட்டு வந்தேன். போடச் சொல்லு. நாஞ்சொன்னா கேக்க மாட்டாரு, நீ சொன்னாக் கேப்பாரு."

பையை வாங்கினேன். உள்ளே எம்.சி.ஆர். செருப்பு. தோளில் மாட்டிக்கொண்டேன்.

"குடுக்கறேன், போம்மா. இந்த ஸ்தலம் முடியட்டும்."

ஸ்தலம் முடிந்தது. கொடுக்கவில்லை. அடுத்த ஸ்தலத்தில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். செல்போனை எடுத்துப் படம் பிடித்தேன். வெள்ளை வேட்டி, கறுப்பு ரோடு, தோளில் சிலுவை, வெறுங்கால். கறுப்புச் செருப்பு அந்தப் படத்தைக் கெடுத்துவிடும். இதை நான் அப்போதே வார்த்தையாக நினைத்தேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நினைத்தேன். இந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன்.

அவருக்கு ஏன் சுடவில்லை என்பதும் அப்போதே தெரியும். உள்ளே ஒன்று சொன்னது. பாட்டை இன்னும் சத்தமாகப் பாடினேன்.

பதினாலாம் ஸ்தலம் வரைக்கும் பை என் தோளிலேயே கிடந்தது. எல்லாம் முடிந்தபின் அம்மாதான் அதை வாங்கிப் போய் அவரைப் போடவைத்தாள்.

அன்று மத்தியானம் மூன்று மணி வழிபாட்டுக்கு அப்பா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, எத்தனையோ நாளைக்கப்புறம் உள்ளே. முன் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். சிலுவையை முத்தமிட வரிசையில் போய், மண்டியிட்டு, பாதத்தில் முத்தமிட்டுத் திரும்பினார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. நோட்டில் எழுதியதெல்லாம் என் வீட்டிலேயே நடந்துவிட்டது. வரிசை நகர்ந்த இடத்தில் தரையில் அங்கங்கே ஈரம். யாரோ தண்ணீர் பாட்டிலைச் சிந்திவிட்டார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனேன்.

சாயங்காலம் அம்மாதான் கத்தினாள். அப்பா கட்டிலில் காலை நீட்டியிருந்தார். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் கட்டி உடைந்து, வலது காலில் தோல் ஒரு பக்கமாகச் சுருண்டு நின்றது. அப்பா எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டார்.

"ஏனுங்க, இத்தனை ஆகியிருக்குது, ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!"

"எனக்குத் தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு? சுடவே இல்ல புள்ள. ஆண்டவரு பாத்துக்கிட்டாரு."

களிம்பு போட்டுக் கட்டினோம். நான்தான் கட்டினேன். இங்கே நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஈஸ்டரான உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கப் போன நான், மைக்கில் சொன்னேன். "எங்கப்பா வெள்ளிக்கிழமை பைபாஸ்ல சிலுவை தூக்கிட்டு வெறுங்கால்ல நடந்தாரு. அவருக்குச் சுடவே இல்லையாம்." கோயில் முழுக்கக் கை தட்டியது. நரம்பு செத்த காலுக்குச் சுடாது என்று பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற ஒருத்தி அறிந்ததை, மைக் பிடித்த ஒருத்தி வரம் என்று சொன்னாள். இரண்டும் நான்தான். அப்பா வெளியே புங்கமரத்தடியில், கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் இருந்தார். கைதட்டல் கேட்டு வெட்கப்பட்டுத் தலை குனிந்திருந்தாராம். அம்மா சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல். சேலத்துக்குக் கொண்டுபோனோம். அவருடைய ரத்தம் என் மேசைக்கே வந்தது. என்னோடு வேலை செய்கிற பெண், பெயரைப் பார்த்துவிட்டு, நான் பார்க்காமல் சீட்டை மறைக்கப் பார்த்தாள்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, "வெறுங்காலோடயா? இந்த வெயில்லயா? கூட வீட்டு ஆளுங்க யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். சுவரைப் பார்த்தாள். "கூட்டமுங்க சார். தெரியலீங்க" என்றாள். எனக்காகச் சொன்ன பொய் அது.

முதலில் இரண்டு விரல். அப்புறம் பாதி பாதம். அதுவும் நிற்காமல், மே மாதம் முடிவதற்குள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் வெளித் தாழ்வாரத்தில் அழுதுகொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

"உங்கப்பன் எதுக்குக் கோயிலுக்கு வெளிய நின்னாருன்னு நெனச்சே?" என்று கேட்டாள். "உள்ள செருப்போட போகக் கூடாது. செருப்பில்லாம நிக்கவும் கூடாது. அப்ப எங்கதான் நிப்பாரு மனுசன்?"

இரண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் காலைத் தாண்டித்தான் நான் உள்ளே போயிருக்கிறேன். அந்தச் செருப்பை வாங்கி வந்தவள் நான். ஒரு வார்த்தை ஃபாதரிடம் சொல்லியிருந்தால், "அதுக்கென்னம்மா, போட்டுக்கிட்டே வரச் சொல்லு" என்றிருப்பார். அப்பா கேட்க மாட்டார். அவர் சுபாவம் அது. கேட்க வேண்டியது நான். எனக்கு அவர் நிற்கிற இடம் மட்டும் தெரிந்தது.

செல்போனில் எடுத்த அந்தப் படத்தை நான் இணையத்தில் போட்டிருந்தேன். முந்நூறு பேர் பார்த்துக் கை கூப்பியிருந்தார்கள். எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்து அனுப்பி, எங்கெங்கோ போய்விட்டது. இப்போதும் தவக்காலத்தில் யாராவது எனக்கே அனுப்புகிறார்கள், 'எவ்வளவு விசுவாசம் பாருங்கள்' என்று.

பாவசங்கீர்த்தனத்தில் என் பாவமாக இதை ஃபாதரிடம் சொன்னேன். அறிவிப்புத் தாளில் அவர் சொன்ன சொல்லை நான் விட்டதையும் சொன்னேன். "நானும் கதவுல பாத்தேம்மா. கேக்காம விட்டுட்டேன்" என்றார். பரிகாரமாக ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பை உன் தோள்ல இருந்துச்சுன்னு அப்பாகிட்டப் போய்ச் சொல்லு. அதுதான் பரிகாரம்" என்றார்.

ஒரு வருஷம் என்னால் அதைச் செய்ய முடியவில்லை. இளையோர் குழுவை விட்டேன். நோட்டை பஸ்ஸில் திறப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரே வேலை. பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்து, என் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அப்பாவின் இடது காலைக் கழுவுவேன். விரல் இடுக்கு துடைத்து, கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்கால் முழுக்கப் பார்ப்பேன். மிஞ்சியிருக்கிற அந்தக் கால் போகக் கூடாது என்றால் தினமும் யாராவது பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கண்ணாடியைப் பிடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். அவர் பட்டறைக் கதை ஏதாவது ஆரம்பித்துவிடுவார்.

இந்த வருஷம் சிலுவைப் பாதை மறுபடி ஆறு மணிக்கே போனது. நானும் அப்பாவும் போகவில்லை. எங்கள் தெரு வழியாகத்தான் வரும், அப்பா வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். அதே சிலுவை வந்தது. பக்கத்தில் வரும்போது பார்த்தேன், தோள் படுகிற இடத்தில் டயர் ட்யூப் சுற்றி ஆணியடித்திருந்தது. போன வாரம் பையன்கள் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள், நான் வேலைக்குப் போயிருந்தபோது. தூக்கிவந்தவன் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தான். அப்பா ரப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று.

அன்று சாயங்காலம் பேசினை எடுத்து வைத்தேன். காலைத் தண்ணீரில் வைத்தேன். முகத்தைப் பார்க்காமல், காலைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு உங்க செருப்பு எங்கிட்டத்தான் இருந்துச்சு. அம்மா குடுத்தாங்க. அஞ்சாம் ஸ்தலத்துல இருந்து கரடு வரைக்கும் எந்தோள்லயேதான் இருந்துச்சு. நான் குடுக்கல."

அவர் சாதாரணமாக, பட்டறைக் கதை சொல்கிற குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியுமே சாமி."

நிமிர்ந்தேன்.

"மஞ்சப் பையி. உங்கம்மா குடுத்தா, நீ வாங்கித் தோள்ல போட்டே. நாந் திரும்பிப் பாத்தனே. நீயும் பாத்தே. சிரிச்சயில்ல? உள்ளுக்குள்ள எனக்குப் பயந்தான், டாக்டரு அத்தனை சொல்லியிருக்கறாரேன்னு. ஆனா நீ பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லல. சரி, இன்னிக்கு ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒண்ணும் ஆகாதாட்ட இருக்குது, ஆகும்னா எம்புள்ள குடுத்திருக்குமேன்னு நெனச்சுக்கிட்டேன். சக்கரையப் பத்தி உனக்குத் தெரியாததா?"

அவர் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்கிற குரல் எனக்குத் தெரியும், அது அதில் இல்லை. நம்பியதைச் சொன்னார், அவ்வளவுதான். அவர் ஆண்டவரை நம்பித் தாரில் நடந்தார் என்று ஒரு வருஷமாக ஊரே சொன்னது. நானும் மைக்கில் சொன்னேன். அவர் என்னை நம்பி நடந்திருக்கிறார்.

பேசினில் தண்ணீர் அப்படியே இருந்தது, அதில் அவர் கால்.

"அழுவாத கண்ணு" என்றார். தலையில் கை வைத்தார். வெல்டிங் கை, சொரசொரப்பாக. கொஞ்சம் பொறுத்து, என்னைச் சிரிக்க வைக்கத்தான், "அன்னிக்கு ஒரு நாளாச்சும் நான் வண்டிக்குக் காவல் நிக்கலியே?" என்றார்.

அந்தச் சொல் இன்னும் அவரிடம் இருக்கிறது. வீடு நிறைய சிரித்த அன்றைக்கு வாங்கி வைத்துக்கொண்டது.

அம்மா உள்ளேயிருந்து, "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? தண்ணி ஆறுது பாருங்க" என்று குரல் கொடுத்தாள்.

"ஆமா, ஆறிப்போச்சு" என்றார் அப்பா. "எடுத்துத் தொடச்சு உடு சாமி."

காலை மடியில் எடுத்து வைத்துத் துடைத்தேன். ஒவ்வொரு விரலாக. விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலைப் பார்த்தேன். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பிறகு இடது செருப்பை எடுத்துப் போட்டுவிட்டேன்.